நூத்தி எண்பத்திரண்டுல உருகணும்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே சொல்லிட்டா நல்லது, இல்லன்னா என்கிட்ட படிச்ச பிள்ளைங்க யாராவது சொல்லிடுவாங்க. பர்னரை அணைக்காம போனா கத்துவேன். பிப்பெட்டைக் கழுவாம வெச்சா கத்துவேன். ஒரு பாட்டில் மூடியை இன்னொரு பாட்டிலுக்குப் போட்டுட்டா, அன்னைக்கு லேப் பக்கமே யாரும் தலை காட்ட மாட்டாங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன். கத்தி முடிச்ச அஞ்சாவது நிமிஷம் ‘வாங்க, டீ சாப்பிடலாம்’னு நானே கூப்பிடுவேன். வாங்கிக் கட்டிக்கிட்டவங்களுக்கு அந்த அஞ்சு நிமிஷம் எப்படி இருந்திருக்கும்னு யோசிக்க எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு.

எழுபதுகளோட கடைசியில திருவண்ணாமலையில ஒரு கல்லூரிக்கு வேதியியல் நடத்த வந்தேன். ஆர்கானிக் லேப் கட்டடத்தோட பின்கோடியில இருந்துச்சு. ஆசிட் பட்டு அரிச்ச நீளமான மேஜை, எத்தனை வாஷர் மாத்தினாலும் சொட்டுற ஒரு குழாய், ஜன்னலைத் திறந்தா நேரா மலை. முதல் நாள் பார்த்தப்போ இங்கேயா ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு அழுகை வந்துச்சு. போகப் போக எனக்கு வீட்டைவிட அந்த இடம்தான் பிடிச்சுப் போச்சு.

லேபுக்கு ஒரு அட்டெண்டர் இருந்தார். என்னைவிட பத்துப் பன்னிரண்டு வயசு பெரியவர். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுற குடும்பம், தினம் பஸ்ல வருவார். நான் அவரை அண்ணானு கூப்பிடுவேன். கத்தும்போதும் அண்ணா போட்டுத்தான் கத்துவேன், அந்த மரியாதைக்குக் குறைச்சல் இல்ல. அவர் கை அப்படி ஒரு கை. கண்ணாடிக் குழாயைச் சுடர்ல காட்டி, அது இளகுற நேரம் பார்த்து ரெண்டு கையையும் விரிச்சா, நூல் மாதிரி கேப்பிலரி வரும். நான் இழுத்தா பாதியில புடைச்சுக்கும், இல்ல அறுந்துடும். ‘விடுங்க மேடம், உங்களுக்குப் பொறுமை கம்மி’னு வாங்கிக்குவார். என்னைப் பார்த்து அப்படிச் சொல்ற தைரியம் அந்தக் கல்லூரியில அவருக்கு மட்டும்தான் இருந்துச்சு.

அவருக்கு ஒரு பழக்கம். காலையில எல்லாருக்கும் முன்னாடி வந்து லேபைத் திறந்து, ஜன்னல் கட்டையில ஒரு ஓட்டுத்துண்டு வெச்சு, அதுல ஒரு வில்லை கற்பூரத்தை ஏத்தி மலையைப் பார்த்துக் கும்பிடுவார். சாமி படமெல்லாம் கிடையாது. ஏன்னு கேட்டதுக்கு, ‘எதிர்லயே நிக்கும்போது படம் எதுக்கு மேடம்?’னார். ஈதர் மாதிரி பட்டுனு பத்திக்கிற சரக்கு இருக்கிற இடத்துல நெருப்பானு வந்த புதுசுல நான் ஆடித் தீர்த்துட்டேன். மறுநாள்ல இருந்து ஒரு பாட்டிலும் திறக்கிறதுக்கு முன்னாடி, ஜன்னலை அகலத் திறந்து, பக்கத்துல ஒரு மக் தண்ணியும் வெச்சுக்கிட்டு ஏத்தினார். அதுக்கு மேல என்ன சொல்றது, விட்டுட்டேன்.

அப்போ நான் வேலை பார்த்துக்கிட்டே பகுதி நேரமா பி.எச்.டி. பண்ணிக்கிட்டிருந்தேன். கைடு மெட்ராஸ்ல, பல்கலைக்கழகத்துல. வேலையெல்லாம் எங்க லேப்ல. வேங்கிக்கால் பக்கத்துப் பொட்டல்ல ஆவாரஞ்செடி மஞ்சளாப் பூத்துக் கிடக்கும். அதோட வேர்ல இருந்து ஒரு சேர்மத்தைச் சுத்தமாப் பிரிச்செடுத்து, அது என்னனு நிரூபிக்கணும். சொல்லும்போது ஒரு வரி, செய்யும்போது அஞ்சு வருஷம். வேரைக் காய வெச்சு, இடிச்சு, ஆல்கஹால்ல ஊற வெச்சு, வடிகட்டி வத்த வெச்சா தார் மாதிரி ஒண்ணு மிஞ்சும். அந்தத் தாருக்குள்ள எங்கேயோ நாம தேடுறது ஒளிஞ்சுக்கிட்டிருக்கும். எத்தனை மூட்டை வேர் இடிச்சோம்னு கணக்கே இல்ல. லேப் உலக்கையை அவரும் நானும் மாத்தி மாத்திப் போட்டோம்.

பல்கலைக்கழகம் ரெண்டு வாட்டி எனக்குக் காலத்தை நீட்டிக் கொடுத்துச்சு. மூணாவது கடிதத்துல, இதுதான் கடைசினு எழுதிட்டாங்க. வர்ற மார்ச் கடைசிக்குள்ள தீசிஸ் வந்து சேரணும், இல்லன்னா என் பதிவு ரத்து. ரத்துனா, அஞ்சு வருஷமும் குப்பையில. வீட்டுல ரெண்டு பிள்ளைங்க, எப்பவும் ‘அம்மா எங்கே’ன்னா ‘லேப்ல’னு பதில் கேட்டே வளர்ந்ததுங்க. இன்னொரு அஞ்சு வருஷம் எனக்குக் கிடைக்காதுனு எனக்கு நல்லாத் தெரியும். கடிதத்தை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். ‘மார்ச்தானே மேடம், வந்துடும்’னார், ஏதோ பஸ் வரப் போற மாதிரி.

ஆவணி மாசம் ஒரு மத்தியானம் நான் கிளாஸ்ல இருந்தேன். அவர் வாசல்ல வந்து நின்னு, வாயைத் திறக்காம, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஊசி பிடிக்கிற மாதிரி காட்டினார். சாக்பீஸைப் போட்டுட்டு ஓடினேன். பிளாஸ்க் அடியில வெளிர் மஞ்சளா, ஊசி ஊசியா, படிகம்! அஞ்சு வருஷத் தாருக்குள்ள இருந்து இப்படி ஒரு அழகு எழுந்து வரும்னு யார் நினைச்சா? எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவர் பக்கத்துல நின்னு, ‘தொட்டுடாதீங்க மேடம், தொட்டுடாதீங்க’னு சொல்லிக்கிட்டே இருந்தார்.

சுத்தமா இருக்கானு பார்க்க எங்களுக்கு ஒரு சோதனைதான். உருகுநிலை. சுத்தமான பொருள் ஒரே சூட்டுல சட்டுனு உருகும். வேற ஏதாவது கலந்திருந்தா முன்னாடியே இளகி, இழுத்து இழுத்து உருகும். அவர் இழுத்த கேப்பிலரியில துளி படிகத்தை அடைச்சு, தெர்மாமீட்டரோட நூல் போட்டுக் கட்டி, எண்ணெய்ல இறக்கிச் சூடாக்கினோம். நூத்தி எண்பத்திரண்டுல படக்குனு உருகிக் கண்ணாடியாச்சு. கைடுக்கு எழுதினேன். இன்னும் கொஞ்சம் எடுத்து, அதே நூத்தி எண்பத்திரண்டுல உருகுறதைக் கொண்டு வா, நிறமாலை எடுத்துடலாம், தீசிஸ் முடிஞ்ச மாதிரின்னு பதில் வந்துச்சு. அட்டெண்டர் அண்ணா அலமாரிக் கதவோட உள்பக்கத்துல சாக்பீஸால 182னு பெரிசா எழுதினார். எல்லாருக்கும் போண்டா வாங்கிட்டு வந்தார்.

போண்டா வந்த அன்னைக்கே இன்னொண்ணும் நடந்துச்சு. சின்ன விஷயம்தான், ஆனா மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வந்துச்சு. வடிச்ச திரவத்தை ஊத்தி வைக்க இறுக்கமான கண்ணாடி மூடி போட்ட பாட்டில் ஒண்ணு தேடினேன். அலமாரி மூலையில கிடைச்சுது. உள்ளே பார்த்தா கற்பூரம்! எனக்குச் சுருக்குனு வந்துடுச்சு. ‘நல்ல ஸ்டாப்பர் பாட்டிலைக் கற்பூரத்துக்கு வெச்சிருக்கீங்களே அண்ணா, இது லேபா, பூஜைக் கடையா?’னு கத்தி, கற்பூரத்தை அவர் உள்ளங்கையிலயே கொட்டிட்டு பாட்டிலை எடுத்துக்கிட்டேன். ‘வெளியில வெச்சா காத்துல கரைஞ்சு போயிடும் மேடம்’னு மெதுவா சொன்னார். ‘அது உங்க பாடு. இனிமே லேப்ல என் கண்ணுல கற்பூரம் படக்கூடாது’னுட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு அவர் வாங்கின போண்டாவை நானே அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அதோட மறந்து போச்சு.

அடுத்த வாட்டி எடுத்த படிகம் ஒரு டீ ஸ்பூன் அளவு இருந்துச்சு. காய வைக்க டெசிகேட்டர்ல வெச்சேன். டெசிகேட்டர்ன்றது கனமான கண்ணாடி ஜாடி. நடுவுல ஓட்டை போட்ட பீங்கான் தட்டு, அதுக்குக் கீழே ஈரத்தை இழுக்கிற கால்சியம் குளோரைடு, மேல கிரீஸ் தடவின மூடி. காத்து உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. ரெண்டு நாள் கழிச்சு உருகுநிலை பார்த்தா நூத்தி எழுபத்தி நாலு. அதுவும் இழுத்துக்கிட்டு உருகுது. சரி, ஏதோ அழுக்கு இருக்குனு மறுபடி கரைச்சுப் படிகமாக்கி, காய வெச்சுப் பார்த்தேன். நூத்தி அறுபத்தொன்பது. இன்னொரு வாட்டி. நூத்தி அறுபத்தொண்ணு. சுத்தம் பண்ணப் பண்ண அழுக்காகுற ஒரு பொருளை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்ல. மெல்லிசா சிலிக்கா பூசின தட்டுல ஓட்டிப் பார்த்தா ஒரே புள்ளி. ரெண்டாவது பொருள் இருக்கிற அறிகுறியே இல்ல. ஒவ்வொரு வாட்டி கரைக்கும்போதும் கொஞ்சம் வீணாப் போகும். டீ ஸ்பூன், அரை ஸ்பூனாச்சு, ஒரு சிட்டிகையாச்சு. மழை வந்து போச்சு, தீபம் வந்து போச்சு, மார்ச் நெருங்குது.

அந்த அஞ்சாறு மாசம் நான் அவரை என்ன பாடு படுத்தினேன்னு நினைச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. கேப்பிலரி சரியில்லனு கத்தினேன். மறுநாள் புதுசா ஒரு கத்தை இழுத்து வெச்சிருந்தார். தெர்மாமீட்டர் தப்பா காட்டுதுனு கத்தினேன். கொதிக்கிற தண்ணியில வெச்சு, ‘நூறு காட்டுது மேடம்’னு கொண்டு வந்து கொடுத்தார். பிளாஸ்க்கை ஒழுங்காக் கழுவலைனு கத்தினேன். அதுக்கு மட்டும் அவர் முகம் வாடிப் போச்சு. எல்லாத்தையும் மறுபடி கழுவினார். ஒவ்வொரு நம்பரையும் கதவுல அந்த 182க்குக் கீழே எழுதிக்கிட்டே வந்தார். ‘இதெல்லாம் எதுக்கு எழுதறீங்க, அழிங்க’ன்னேன். ‘ஏறி வரும்போது தெரியணும்ல மேடம்’னார்.

ஒருநாள் சீக்கிரமா வந்துட்டேன். ஓட்டுத்துண்டுல ஒரு வில்லை இல்ல, அஞ்சு வில்லை எரியுது. ‘என்னண்ணா, ஹோமம் வளர்க்கறீங்களா?’ன்னேன். ‘நூத்தி அறுபத்தொண்ணுக்கு வந்துடுச்சே மேடம். ஒண்ணு போதலை போல இருக்கு’னார். ஒவ்வொரு வாட்டி டிகிரி கம்மி ஆகும்போதும் அவர் கற்பூரத்தை ஜாஸ்தி பண்ணிக்கிட்டே வந்திருக்கார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவ்வளவு கற்பூரத்தை எங்கே வெச்சிருக்கார்னு கேக்கத் தோணலை.

பொங்கல் முடிஞ்சு மாசி பிறந்ததும், இருந்த ஒரு சிட்டிகையைக் குட்டிப் பாட்டில்ல போட்டுக்கிட்டு மெட்ராஸுக்குப் போனேன். கைடு மூடியைத் திறந்தார். மூக்கைச் சுளிச்சார். ‘என்னம்மா, கோயிலுக்குப் போயிட்டு கையைக் கழுவாம வந்துட்டியா?’ன்னார். ‘இல்ல சார்’ன்னேன், கொஞ்சம் கோபமாவே. பாட்டிலை என் மூக்குக்கு நேரா நீட்டினார். மோந்து பார்த்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியலை. ‘கற்பூரம்மா! அறையே மணக்குது!’ன்னார்.

எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க. எங்க ஊர்ல பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி கற்பூரம், கடை திறக்கும்போது கற்பூரம், கோபுரத்தைத் தாண்டிப் போனா கற்பூரம், கார்த்திகை மாசத்துல மூச்சு விட்டாலே கற்பூரம். அந்த வாசனை எங்களுக்குக் காத்துல ஒரு பாகம். எங்க லேப்ல நாலு பேர் அந்தப் பாட்டிலை மோந்து பார்த்திருக்கோம், ஒருத்தருக்கும் தெரியலை. கற்பூரம் கலந்தா உருகுநிலை சரசரனு இறங்கும்னு வருஷா வருஷம் பாடம் நடத்துறவ நான்! தட்டுல ஒரே புள்ளி வந்ததுக்கும் காரணம் இதுதான், தட்டு காயும்போதே கற்பூரம் பறந்து போயிடும். அந்த நிமிஷம் என்னை நானே எந்த மிருகத்தோட பேர் சொல்லித் திட்டிக்கிட்டேன்னு தமிழ் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

‘பத்து நாள்ல சுத்தமான சாம்பிள் கொண்டு வா. இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா’னு கைடு சொல்லிட்டார்.

பஸ் ஏறினதுல இருந்து எனக்கு ஒரே எரிச்சல். அந்த மனுஷனை என்ன கேக்கலாம், எப்படிக் கேக்கலாம்னு ஒவ்வொரு வார்த்தையாத் தயார் பண்ணிக்கிட்டே வந்தேன். அஞ்சு வருஷம், அண்ணா! என் பிள்ளைங்க முகத்தைப் பார்க்காத அஞ்சு வருஷம்! திண்டிவனம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டே வந்தேன். செஞ்சியில பஸ் நின்னுச்சு. டீக்கடைக்காரர் விளக்கு வெச்சு, வாசல்ல கற்பூரம் காட்டினார். அன்னைக்குத்தான் எனக்கு அந்த வாசனை தனியாத் தெரிஞ்சுது. கூடவே வேற ஒண்ணும் ஞாபகம் வந்துச்சு. அவர் உள்ளங்கையில நான் கொட்டின கற்பூரம். ‘காத்துல கரைஞ்சு போயிடும் மேடம்.’ ‘அது உங்க பாடு.’ பாட்டிலைப் பிடுங்கினவ நான். கண்ணுல படக்கூடாதுன்னவ நான். காத்தும் போகாம, என் கண்ணுலயும் படாம அந்த லேப்ல வேற எந்த இடம் இருக்கு? தயார் பண்ணி வெச்சிருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. ஊர் வந்து சேர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வெச்சுக்கிட்டேன்.

மறுநாள் அவருக்கு முன்னாடி லேபுக்குப் போயிட்டேன். டெசிகேட்டரைத் திறந்து, அதுவரைக்கும் நான் ஒருநாளும் தூக்காத பீங்கான் தட்டைத் தூக்கினேன். கால்சியம் குளோரைடு மேல ஒரு காகிதப் பொட்டலம். தெர்மாமீட்டரோட கேப்பிலரியைக் கட்டுற அதே முடிச்சுப் போட்டு நறுவிசா கட்டியிருந்தார். எடுத்து என் பைக்குள்ள போட்டுக்கிட்டு, ஜாடியைக் குழாய்க்குக் கீழே வெச்சுக் கழுவ ஆரம்பிச்சேன். அவர் வந்துட்டார்.

‘மெட்ராஸ்ல என்ன சொன்னாங்க மேடம்?’

‘கால்சியம் குளோரைடு பழசாம். மாத்திட்டு இன்னொரு வாட்டி பார்க்கச் சொன்னாங்க.’

‘குடுங்க, நான் கழுவுறேன்.’

‘வேணாம்ணா. நானே கழுவுறேன்.’

அவர் என்னைப் பார்த்தார். மேஜையில இருந்த பீங்கான் தட்டைப் பார்த்தார். வெளியில போனார். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பர்னரைப் பத்த வெச்சு, கேப்பிலரி இழுக்க உட்கார்ந்தார்.

மெட்ராஸ்ல இருந்து திருப்பிக் கொண்டு வந்த சிட்டிகையை மறுபடி படிகமாக்கி, மூணாவது நாள் சோதிச்சோம். நூத்தி அறுபத்தொண்ணு தாண்டிச்சு. எழுபத்தி நாலு தாண்டிச்சு. எண்பது. எண்பத்தொண்ணு. ஊசி ஊசியாவே நிக்குது. ‘மேடம், மூச்சு விடுங்க’னு அவர் சொன்னார். நூத்தி எண்பத்திரண்டுல படக்குனு கண்ணாடியாச்சு. நான் மேஜையைப் பிடிச்சுக்கிட்டு ஓனு அழுதுட்டேன். அவர் கதவுல கடைசியா ஒரு 182 எழுதிட்டு, ஜன்னல்கிட்ட போய் வெறுங்கையோட மலையைக் கும்பிட்டார்.

தீசிஸ் மார்ச் கடைசி வாரம் போய்ச் சேர்ந்துச்சு. பட்டமும் வந்துச்சு. அதுக்கப்புறம் அவர் லேப்ல கற்பூரம் ஏத்தி நான் பார்க்கவே இல்ல. ஆயுத பூஜைக்குக்கூட நல்லெண்ணெய் விளக்குதான். ஈதர் விஷயம் ஒருவழியா அவருக்குப் புரிஞ்சுடுச்சுனு நினைச்சுக்கிட்டேன். ஒரு மனுஷன் மனசு நோகாம உண்மையை மறைச்சுட்டேன்னு எனக்குள்ள ஒரு பெருமை வேற. என் புத்தி அவ்வளவுதான்.

எண்பதுகளோட கடைசியில அவர் ஓய்வு பெற்றார். கூட்டம் முடிஞ்சு, கழுத்துல மாலையோட லேபுக்கு வந்தார். அலமாரிக் கதவைத் திறந்தார். சாக்பீஸ் எழுத்தை இத்தனை வருஷமா யாரையும் அழிக்க விடலை அவர். 182, 174, 169, 161, மறுபடி 182.

‘நடுவுல இருக்கிற மூணும் நான் பண்ணது மேடம்’னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ‘என்னண்ணா சொல்றீங்க?’ன்னேன்.

‘பர்னரை அணைக்கலைன்னா கத்துவீங்க. மூடியை மாத்திப் போட்டா கத்துவீங்க. அன்னைக்கு மெட்ராஸ்ல இருந்து வந்து, தட்டைத் தூக்கி வெச்சிருக்கீங்க, பொட்டலத்தைக் காணோம், நீங்க கத்தலை. அப்பவே தெரிஞ்சு போச்சு, இது கத்தித் தீர்ற தப்பு இல்லனு. உங்க படிப்பையே கெடுக்க இருந்தேனேனு, அதுக்கப்புறம் கற்பூரத்தைத் தொட எனக்கு மனசே வரலை. ஒரு வார்த்தை திட்டியிருந்தீங்கன்னா வீட்டுக்குப் போய் நிம்மதியா சோறு தின்னிருப்பேன் மேடம்.’

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. ‘உங்களுக்கு அறிவு இருக்கா அண்ணா? இத்தனை வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டா என் முன்னாடி நடமாடுனீங்க? வாயைத் திறந்து கேக்கக் கூடாதா? அந்த பாட்டிலைப் பிடுங்கினது யாரு? நான்தானே! எனக்காகக் கும்பிட்டதை எனக்காகவே விட்டீங்களா? யாரைக் கேட்டு விட்டீங்க?’னு நான் போட்ட சத்தத்துல வராந்தாவுல போனவங்க எல்லாம் நின்னுட்டாங்க. ரிட்டயர் ஆகுற மனுஷனை மாலையோட நிக்க வெச்சுக் கத்துறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையானு நினைச்சிருப்பாங்க. நினைக்கட்டும்.

அவர் கையைக் கட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை விடாம முழுசாக் கேட்டார். நான் மூச்சு வாங்கி நிறுத்தினதும், மாலையைக் கழட்டி மேஜை மேல வெச்சார். முகமே தெளிஞ்சு போயிருந்துச்சு.

‘வாங்க மேடம், டீ சாப்பிடலாம்’னார். அஞ்சு நிமிஷம்கூட ஆகலை.